கார் ஷெட் ஷட்டருக்கு நாமே பெயிண்ட் அடிப்பது: எந்தப் பெயிண்ட், எந்த வழி?

எங்கள் வீட்டுக் கார் ஷெட் ஷட்டர் பத்தடி அகலம், எட்டடி உயரம். மேற்குப் பார்த்தது. அதற்கு நான் முதன்முதலில் என் கையால் பெயிண்ட் அடித்தது 2019-இல். அடிப்பூச்சுக்கு ரெட் ஆக்ஸைடு பிரைமர் ஒரு லிட்டர், கரும்பச்சை எனாமல் இரண்டு லிட்டர், மூன்று அங்குல பிரஷ் இரண்டு. ஒரு சனி, ஞாயிறில் வேலை முடிந்தது. அன்று சாயங்காலம் வெயில் பட்டு ஷட்டர் மின்னியதைத் தெருவே நின்று பார்த்தது.

இரண்டாவது மழைக்காலம் முடிந்தபோது பட்டைகளின் ஓரத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கிளம்பியிருந்தன. நகத்தால் நிமிண்டினால் வாழைப்பழத் தோல் மாதிரி நீளமாக உரிந்து வந்தது. எனாமல் மட்டுமல்ல, அடியில் இருந்த ரெட் ஆக்ஸைடும் சேர்ந்து வந்தது. உரிந்த இடத்தில் துரு இருந்தால் காரணம் புரிந்திருக்கும். அங்கே துருவே இல்லை. தகரம் புதுசு போலப் பளபளவென்று இருந்தது.

2023 டிசம்பர் மழையில் தூத்துக்குடி மூழ்கியது பலருக்கு நினைவிருக்கும். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. எங்கள் ஷட்டரின் கீழ்ப் பட்டைகள் தேங்கிய தண்ணீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் மிச்சமிருந்த பெயிண்டும் பாதி கழன்றுவிட்டது. 2024 தை பிறந்ததும் மறுபடி அடித்தே தீர வேண்டிய நிலை. இந்த முறை கடைக்குப் போகும் முன் எல்லா வழிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்படிப் பார்த்ததில் தெரிந்தவற்றை, இதே கேள்வியோடு நிற்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

தகரமா, இரும்பா?

எந்தக் கம்பெனிப் பெயிண்ட் நல்லது என்றுதான் நான் கேட்டுக்கொண்டு போனேன். ஹார்டுவேர் கடை அண்ணாச்சி பதில் சொல்லாமல் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க ஷட்டர் தகரமா, இரும்பா தம்பி?"

"இரும்புதான் அண்ணாச்சி. காந்தம் ஒட்டுது."

"தகரத்துலயும் காந்தம் ஒட்டும்லா. பெயிண்ட் உரிஞ்ச எடத்துல பூப்பூவாத் தெரியுதா, அதப் பாத்துட்டு வாங்க."

வந்து பார்த்தேன். உரிந்த இடத்தில், கண்ணாடியில் பனி உறைந்தது போல, பூப்பூவாக வடிவங்கள் இருந்தன. அங்கங்கே சுண்ணாம்புப் பொடி மாதிரி வெள்ளைப் பூப்பும் இருந்தது. அது ஜி.ஐ. தகடு. இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகம் பூசியது. அந்த வெள்ளைப் பொடி துத்தநாகத்தின் துரு. அலுமினிய ஷட்டராக இருந்தால் காந்தம் ஒட்டாது. இரும்பையும் ஜி.ஐ.யையும் பிரித்தறியக் காந்தம் உதவாது, கண்தான் உதவும். பெயிண்ட் எங்கும் உரியாமல் இருந்தால், மேலே சுருள் இருக்கும் பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் பெயிண்ட் எட்டியிருக்காது.

இது ஏன் முக்கியம்? சிந்தெடிக் எனாமல் என்று நாம் வாங்குவது ஆல்கிட் வகை. அதன் பிசினுக்குள் தாவர எண்ணெய் கலந்திருக்கும். ரெட் ஆக்ஸைடு பிரைமர்களிலும் பெரும்பாலானவை இதே எண்ணெய் வகைதான். துத்தநாகத்தின் மேல் ஈரம் பட்டால் அது மெல்லிய காரத்தன்மை கொண்ட பூப்பாக மாறுகிறது. எண்ணெயும் காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும்: சோப்பு. பெயிண்டுக்கும் தகட்டுக்கும் நடுவில், கண்ணுக்குத் தெரியாத மெல்லிய சோப்புப் படலம் ஒன்று நாளாக நாளாக உருவாகிறது. அதற்குப் பிறகு பெயிண்ட் தகட்டைப் பிடித்துக்கொள்ள வழியில்லை. இரண்டு வருஷம் அழகாக இருந்துவிட்டு முழுத்தோலாக உரிவதற்கு இதுதான் காரணம். நான் சரியாகத் தேய்க்கவில்லையோ, பெயிண்ட் மட்டமோ என்று இரண்டு வருஷம் மனசில் போட்டு உழன்றதற்கு விடை அந்த ஒரு கேள்வியில் இருந்தது.

ஆகவே, கீழே வரும் எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அண்ணாச்சியின் கேள்விக்கு விடை தெரிந்த பிறகே தேர்ந்தெடுங்கள். இரும்பு கேட்டுக்குச் சரியான பெயிண்ட், ஜி.ஐ. ஷட்டருக்குத் தவறான பெயிண்டாக இருக்கலாம்.

பெயிண்டரிடம் கொடுப்பதா, நாமே செய்வதா?

எங்கள் ஊரில் அப்போது பெயிண்டருக்கு நாள் கூலி ஆயிரம் ரூபாயை ஒட்டி இருந்தது. ஷட்டர் ஒன்றுக்கு ஒருவர் இரண்டு நாள் வந்தால் போதும். பெரிய தொகை இல்லை. கைவேகம், கோடு விழாத பூச்சு, ஏணி மேல் பயமில்லாமல் நிற்பது ஆகியவற்றில் அவர்களுக்கு நாம் ஈடாக முடியாது. இதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் ஷட்டர் வேலையில் பெயிண்ட் அடிப்பது கால்வாசிதான். முக்கால்வாசி கழுவுவது, சுரண்டுவது, தேய்ப்பது, காயவிடுவது. மொத்தமாகப் பேசி வேலையைக் கொடுத்தால், பெயிண்டர் அடுத்த வீட்டுக்குப் போக வேண்டிய அவசரத்தில் இருப்பார். ஒரு நாள் கழுவிவிட்டு, அது காய ஒரு நாள் சும்மா இருந்துவிட்டு, மூன்றாம் நாள் பிரைமர் அடிக்க அவருக்குக் கட்டுப்படியாகாது. அது அவர் குற்றம் அல்ல, கூலி பேசும் முறை அப்படி. நமக்கோ காத்திருப்பதற்குச் செலவே இல்லை. ஷட்டர் நம் வீட்டில்தான் இருக்கிறது. சனிக்கிழமை கழுவி, ஞாயிற்றுக்கிழமை தேய்த்து, அடுத்த வாரம் பிரைமர் அடிக்கலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. கதவு போன்ற சமதளத்தில் கைப்பழக்கம் இல்லாதவர் அடித்தால், காய்ந்த ஓரமும் ஈர ஓரமும் சேரும் இடத்தில் தடம் தெரியும். ஷட்டரில் மூன்றங்குலத்துக்கு ஒரு பட்டை முடிந்து அடுத்தது தொடங்குகிறது. ஒவ்வொரு பட்டையும் தனி வேலை. ஒரு பட்டையை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிறுத்தாமல் இழுத்து முடித்துவிட்டால் தடம் பள்ளத்துக்குள் மறைந்துவிடும். புதிதாகக் கற்றுக்கொள்பவரின் தவறுகளை இதைவிடப் பொறுத்துக்கொள்ளும் பரப்பு வீட்டில் வேறு இல்லை.

உயரத்தில் தலை சுற்றுபவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், பன்னிரண்டு அடிக்கு மேல் உயரமுள்ள ஷட்டர் வைத்திருப்பவர்கள் தாராளமாக ஆள் வைத்துக்கொள்ளலாம். அப்போது நாள் கூலிக்குப் பேசுங்கள். பிரைமரை நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

சிந்தெடிக் எனாமல்

எல்லோரும் வாங்குவது இதைத்தான், அதற்குக் காரணமும் இருக்கிறது. சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். பிரஷ்ஷில் வழுக்கிக்கொண்டு ஓடும். அடித்த கோடுகள் தானாகவே படிந்து மறையும். காய்ந்தால் கெட்டியாக இருக்கும், கை பட்ட அழுக்கைத் துடைத்தால் போய்விடும். சுருட்டி விரிக்கும் பொருளுக்கு இந்தக் கெட்டித்தன்மை பெரிய பலம்.

குறைகள் மூன்று. ஜி.ஐ. தகட்டில் நேரடியாக ஒட்டி நிலைக்காது என்பது முதலாவது, அதைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது வெயில். வருஷம் போகப் போக எனாமல் இறுகிக்கொண்டே இருக்கும், மினுமினுப்பு மங்கும், தடவினால் கையில் மாவு மாதிரி ஒட்டும். மேற்குப் பார்த்த ஷட்டரில் இது சீக்கிரமே தெரியும். ஷட்டரின் உட்பக்கம் வெள்ளை எனாமல் அடித்தால், வெளிச்சம் குறைந்த இடத்தில் அது மஞ்சளிக்கும். மூன்றாவது நேரம். ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே ஒரு இரவு முழுக்கக் காய வேண்டும். டர்பன்டைன் வாசனை வீட்டுக்குள் இரண்டு நாள் நிற்கும். டர்பன்டைன், எனாமல் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். உலரும் எண்ணெய் சூட்டைக் கிளப்பும், குவியலாகக் கிடந்தால் தானே பற்றிக்கொள்ளவும் கூடும். கொடியில் தனித்தனியாக விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போட வேண்டும்.

பழைய எனாமல் நன்றாகப் பிடித்துக்கொண்டிருக்கும் இரும்பு ஷட்டராக இருந்தால், மேலே தேய்த்துவிட்டு மறுபடி எனாமலே அடிப்பது சரியான முடிவு. அங்கே வேறு எதையும் தேடிப் போக வேண்டாம்.

வாட்டர் பேஸ் எனாமல்

தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் எனாமல்களைப் பற்றி எனக்கு முதலில் நம்பிக்கை இல்லை. தண்ணீரில் கலப்பது மழையில் கரைந்துவிடாதா என்று தோன்றும். காய்ந்தபின் கரையாது. தண்ணீர் ஆவியாகும்போது அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து படலமாகிவிடுகின்றன. அந்தப் படலம் எனாமலைவிட இளக்கமானது. வெயிலில் தகடு விரிந்து, இரவில் சுருங்கும்போது அதுவும் கூடவே விரிந்து சுருங்கும். நிறம் மங்குவதும் குறைவு. ஆல்கிட் எண்ணெய் இதில் இல்லாததால் துத்தநாகத்தோடு சேர்ந்து சோப்பாகும் பிரச்சினை இல்லை. ஜி.ஐ. ஷட்டருக்கு இதுதான் பெரிய சாதகம். இரண்டு கோட்டையும் ஒரே நாளில் முடிக்கலாம், பிரஷ்ஷைக் குழாயில் கழுவலாம், வீட்டில் குழந்தை இருந்தால் வாசனைக்குப் பயப்பட வேண்டாம்.

இப்போது இதன் பலவீனம். ஷட்டருக்கு இது சாதாரண பலவீனம் அல்ல. இந்தப் படலம் தொடுவதற்குக் காய்ந்துவிட்டாலும் உள்ளே முழுக்க இறுக நாளாகும். அதற்குள் இரண்டு பூச்சுப் பரப்புகள் சூட்டில் ஒன்றை ஒன்று அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். ஷட்டரை மேலே சுருட்டும்போது நடப்பது அதேதான். ஒரு சுற்றின் மேல் அடுத்த சுற்று அழுத்தமாக உட்காருகிறது, மேலே பெட்டிக்குள் வெக்கை வேறு. அடித்த மறுநாளே மேலே ஏற்றிவிட்டுச் சாயங்காலம் இறக்கினால், பெயிண்ட் ஒரு பட்டையிலிருந்து கழன்று இன்னொன்றில் ஒட்டியிருக்கும். வாட்டர் பேஸ் தேர்ந்தெடுப்பவர் ஷட்டரைக் குறைந்தது நான்கு நாள் இறக்கியே வைத்திருக்க முடியுமா என்று முதலில் யோசிக்க வேண்டும். காரைத் தெருவில் விட இடம் இருக்க வேண்டும். கடை ஷட்டராக இருந்து தினமும் காலையில் திறந்தே ஆக வேண்டுமென்றால், இது உங்களுக்கான பெயிண்ட் அல்ல.

இன்னொன்று, வெறும் இரும்பின் மேல் தண்ணீர்ப் பெயிண்ட் பட்டால் காய்வதற்குள்ளேயே பழுப்புப் புள்ளிகளாகத் துரு கிளம்பும். துரு தெரியும் இடங்களுக்குத் தனியாகத் துருத்தடுப்பு பிரைமர் வைத்துவிட்டுத்தான் இதைத் தொட வேண்டும்.

எபாக்ஸி, பி.யூ., ஸ்பிரே

இரண்டு டப்பாவாக வரும் எபாக்ஸி பிரைமர் ஜி.ஐ.யிலும் இரும்பிலும் மிக நன்றாகப் பிடிக்கும். கடலோரத்தில் ஆலைகளின் இரும்பு வேலைக்கெல்லாம் அடிப்பது அதைத்தான். ஆனால் எபாக்ஸி வெயில் தாங்காது, வெளுத்து மாவாகும். அதன் மேல் பி.யூ., அதாவது பாலியூரிதேன் பெயிண்ட் அடிக்க வேண்டும். பி.யூ.வின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. ஸ்பிரே அடிக்கும்போது அந்தப் புகையை மூச்சில் இழுத்தால் ஆஸ்துமா வரலாம், ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆயுளுக்கும் போகாமல் தொல்லை தரும். துணி மாஸ்க்கோ, மருந்துக்கடை மாஸ்க்கோ அதைத் தடுக்காது. கார் பட்டறையில் சரியான சுவாசக் கருவியோடு செய்ய வேண்டியதை வீட்டு வாசலில் செய்யக் கூடாது என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. எபாக்ஸி பிரைமரைக் கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் பிரஷ்ஷால் அடிக்கலாம். பி.யூ. ஸ்பிரே வேண்டாம்.

கம்ப்ரஸர் வாடகைக்கு எடுத்துச் சாதாரண எனாமலையே ஸ்பிரே அடிப்பது வேறு விஷயம். வழவழப்பு அருமையாக வரும். ஆனால் பட்டைகள் கோத்துக்கொள்ளும் மடிப்புக்குள் பெயிண்ட் போய் அடைத்துக்கொண்டால் ஷட்டர் முனகிக்கொண்டே ஏறும். காற்றில் போகும் பெயிண்ட் எதிர்வீட்டு ஸ்கூட்டரில் புள்ளி புள்ளியாக விழும். எங்கள் ஊரின் ஆனி, ஆடிக் காற்றில் ஸ்பிரேயை நினைத்தே பார்க்க முடியாது. கையடக்க ஸ்பிரே டப்பாக்கள் கீறலை மறைக்க நல்லவை. முழு ஷட்டரையும் அவற்றால் அடிக்க நினைத்தால், டப்பா ஒன்று பத்துப் பதினைந்து சதுர அடிக்குத் தாங்குவதே பெரிது.

பவுடர் கோட்டிங்

இதைப் பலர் கேட்கிறார்கள். பவுடர் கோட்டிங் என்பது மின்னேற்றம் செய்த பொடியைத் தகட்டில் தூவி, 180 முதல் 200 டிகிரி சூட்டில் அடுப்பில் வேகவைப்பது. மாட்டியிருக்கும் ஷட்டருக்கு அதைச் செய்ய முடியாது. பட்டைகளைக் கழற்ற வேண்டும், ஸ்பிரிங்கை இளக்க வேண்டும். முறுக்கேறிய ஸ்பிரிங் அவிழ்ந்தால் கை எலும்பை முறித்துவிடும் என்பதால் ஷட்டர் மெக்கானிக் இல்லாமல் அந்தப் பக்கமே போகக் கூடாது. அத்தனை செலவுக்குப் பவுடர் கோட்டிங் செய்த புதுப் பட்டைகளையே வாங்கி மாட்டிவிடலாம். உங்கள் பட்டைகள் ஓட்டை விழுமளவு அரித்திருந்தால், அல்லது புது வீடு கட்டிக்கொண்டிருந்தால், அதைத்தான் செய்ய வேண்டும். பட்டை நன்றாக இருக்கும்போது தேவையில்லை.

வெள்ளிப் பெயிண்ட் எனப்படும் அலுமினியம் பெயிண்ட் பற்றி ஒரு வார்த்தை: விலை குறைவு, வெயிலைத் திருப்பி அனுப்பும், குடோன் ஷட்டருக்குப் போதும். தொட்டால் கையில், சட்டையில் ஒட்டிக்கொண்டு வரும். வீட்டு வாசலுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

நான் எடுத்த முடிவு

ஜி.ஐ. தகடு, கடலோரம், மேற்கு வெயில், காரைத் தெருவில் விட இடமுண்டு. இந்த நான்கையும் வைத்துப் பார்த்தபோது எனக்குச் சரியாகப் பட்டது, ஜி.ஐ. பிரைமர் ஒரு கோட், அதன் மேல் வாட்டர் பேஸ் எனாமல் இரண்டு கோட், எல்லாம் பிரஷ்ஷாலும் சின்ன ரோலராலும்.

பிரைமர் வாங்கும்போது டப்பாவை வாங்கிப் படித்துப் பாருங்கள். துத்தநாகம் பூசிய பரப்புக்கு ஏற்றது என்று அதில் அச்சிட்டிருக்க வேண்டும். "மெட்டல் பிரைமர்" என்று மட்டும் இருந்தால் போதாது. வாஷ் பிரைமர் என்று இரண்டு டப்பாவில் வருவதும் இதற்கானதே. அதில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கும், தகட்டை மெல்லக் கடித்துப் பிடிக்கும். ஆனால் மிக மெல்லிசாக அடிக்க வேண்டும், ஈரக்காற்றில் சொன்னபடி கேட்காது. வீட்டில் முதன்முதலாகச் செய்பவருக்கு ஒரே டப்பாவில் வரும் அக்ரிலிக் ஜி.ஐ. பிரைமர் எளிது. மஞ்சள் நிறத்தில் வரும் ஜிங்க் குரோமேட் பிரைமரைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். ஒட்டும், சந்தேகமில்லை. அதிலுள்ள குரோமேட் புற்றுநோய் உண்டாக்கும் பொருள், அடுத்த முறை தேய்க்கும்போது அந்தத் தூள் நம் மூச்சில் போகும். நான் தவிர்த்தேன்.

பத்துக்கு எட்டு என்றால் எண்பது சதுர அடி. பட்டைகளின் வளைவைச் சேர்த்தால் நூறு என்று வைத்துக்கொள்ளலாம். லிட்டருக்கு ஒரு கோட் சுமார் நூறு சதுர அடி வரும். ஆக வெளிப்பக்கத்துக்குப் பிரைமர் ஒரு லிட்டர், எனாமல் இரண்டு லிட்டர். உட்பக்கமும் என்றால் இரட்டிப்பு.

உப்பைக் கழுவுவது

இந்த வேலையில் எதை வேண்டுமானாலும் சுருக்கிக்கொள்ளுங்கள், இதை மட்டும் சுருக்காதீர்கள். தூத்துக்குடியில் உப்பளக் காற்று சும்மா இருப்பதில்லை. காலையில் ஷட்டரில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்த உப்பின் மேல் பெயிண்ட் அடித்துவிட்டால், அடியில் மாட்டிக்கொண்ட உப்பு படலத்தின் வழியாகவே ஈரத்தை உள்ளே இழுக்கும். அங்கங்கே நீர்க்கொப்புளம் கிளம்பும். எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்டாக இருந்தாலும் இது நடக்கும். நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும். எங்கள் பகுதி போர் தண்ணீரே உப்பு, அதனால் குழாய்த் தண்ணீரைப் பிடித்துவைத்துக் கழுவினேன். முதலில் பாத்திர சோப்புக் கரைசலும் பச்சை நாரும், பிறகு இரண்டு தடவை வெறும் தண்ணீர். பட்டைகளின் மடிப்பில் பழைய பல்துலக்கும் பிரஷ் நன்றாகப் போகும். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன்.

தேய்ப்பதில் ஒரு எச்சரிக்கை. இரும்பு கேட்டென்றால் கம்பி பிரஷ் போட்டு இரும்பு தெரியும்வரை தேய்க்கலாம். ஜி.ஐ.யில் அப்படித் தேய்த்தால் இரும்பைக் காக்கும் துத்தநாகமே போய்விடும். தளர்ந்த பெயிண்டைப் பட்டித் தகட்டால் சுரண்டிவிட்டு, 180 நம்பர் வாட்டர் பேப்பரால் பரப்பு மங்கும் அளவுக்கு மெல்லத் தேய்த்தால் போதும். துத்தநாகம் போய்ச் செந்துரு ஏறிய இடங்களை மட்டும் அழுத்தித் தேய்த்து, எபாக்ஸி பிரைமரைத் தொட்டு வைக்க வேண்டும். எங்கள் ஷட்டரில் வெள்ளத்தில் நின்ற அடிப்பட்டைகளுக்கு இது தேவைப்பட்டது.

தேய்ப்பது எப்போதும் ஈரத்தில்தான். இந்தியாவில் வீட்டுப் பெயிண்டுகளில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று கட்டுப்படுத்தும் விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பூச்சுகளில், முக்கியமாக மஞ்சள், சிவப்பு, பச்சை எனாமல்களில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. காய்ந்த தூளாகப் பறக்கவிட்டால் அது குழந்தைகளின் உடம்பில் சேரும். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, வழியும் சேற்றைப் பழைய சாக்கு விரித்துப் பிடித்து அப்புறப்படுத்தினேன். அந்த இரண்டு நாளும் பிள்ளைகள் அவர்களுடைய ஆச்சி வீட்டில் இருந்தார்கள்.

மிச்சமிருக்கும் பழைய பெயிண்டை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள ஒரு சோதனை இருக்கிறது. பிளேடால் குறுக்கும் நெடுக்குமாக நான்கைந்து கோடு கீறி, அதன் மேல் அகலமான பிளாஸ்டர் டேப்பை அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். சதுரங்கள் டேப்போடு வந்தால் அந்தப் பெயிண்டை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டியதே.

அடிக்கும் நாளும் நேரமும்

எங்களுக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. ஆனி, ஆடி, ஆவணியில் மேற்கிலிருந்து காற்று செம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து ஈரப் பெயிண்டில் ஒட்டிவிடும். சித்திரை, வைகாசியில் தகடு கொதிக்கும். மீதி தை, மாசி, பங்குனி. தையில் விடியற்காலைப் பனி தகட்டில் முத்து முத்தாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தகட்டில் ஈரம் இருக்கும். ஒன்பது மணிக்குத் தொடங்கி, வெயில் ஷட்டருக்குத் திரும்பும் முன் பன்னிரண்டரைக்குள் நிறுத்திக்கொண்டேன். கிழக்குப் பார்த்த ஷட்டரென்றால் இதற்கு நேரெதிர், மதியத்துக்கு மேல் தொடங்கிப் பொழுது சாயும் முன் முடிக்க வேண்டும். சுடும் தகட்டில் அடித்தால் மேல்தோல் உடனே காய்ந்து உள்ளே ஈரம் அடைபடும், பிரஷ் கோடு அப்படியே நின்றுவிடும்.

மேலிருந்து கீழாக ஒவ்வொரு பட்டையாக வந்தேன். முதலில் இரண்டு அங்குல பிரஷ்ஷால் மடிப்புக்குள், உடனே நான்கு அங்குல ரோலரால் பட்டை மேல். மடிப்பில் பெயிண்டைத் தேக்கவிடக் கூடாது, காய்ந்தால் அங்கேதான் முதலில் வெடிக்கும். இருபக்கமும் ஷட்டர் ஓடும் சேனலின் உள்பக்கத்துக்குப் பெயிண்ட் கூடவே கூடாது. பூட்டுத் துவாரத்துக்கும் சேனல் ஓரத்துக்கும் மாஸ்கிங் டேப் ஒட்டி, கடைசிக் கோட் தொடுவதற்குக் காய்ந்ததும் எடுத்துவிட்டேன். மோட்டார் வைத்த ஷட்டரென்றால் முதல் வேலையாக மெயினை அணையுங்கள். யாராவது மறந்துபோய் ரிமோட்டை அழுத்தினால் ஏணியோடு சேர்த்து விபத்து.

நிறம் ஸ்மோக் கிரே. கரும்பச்சையை விட்டதில் வருத்தம் இருந்தது, ஆனால் கடும் நிறம் மேற்கு வெயிலை உறிஞ்சித் தகட்டைக் கொதிக்கவைக்கும். உப்புப் பூப்பும் அதில் பளிச்சென்று தெரியும்.

இரும்பு கேட்டுக்கு நான் இதே முறையைப் பின்பற்றவில்லை. அங்கே துத்தநாகம் இல்லை, சுருட்டுவதும் இல்லை. துருவைத் தேய்த்தெடுத்து, ரெட் ஆக்ஸைடு இரண்டு கோட், சிந்தெடிக் எனாமல் இரண்டு கோட். வழக்கமான முறைதான், அது சரியாகவே வேலை செய்கிறது. கம்பி கல்லில் நுழையும் இடத்தில், கீழ்ச்சட்டத்தின் அடிப்பக்கத்தில் பிரஷ் போக மனசில்லாமல் விட்டுவிடுவோம். துரு தொடங்குவது அங்கிருந்துதான். கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டே அடிக்கலாம்.

ஷட்டரை ஐந்தாம் நாள் காலையில், வெயிலுக்கு முன், பாதி மட்டும் ஏற்றிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அடுத்த இரண்டு வாரம் ஏற்றியவுடன் காரை எடுத்துக்கொண்டு உடனே இறக்கிவிடும்படி வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். இப்போது இரண்டு மழைக்காலம் தாண்டிவிட்டது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் மேல்முகட்டில் மெல்லிய கோடுகள் விழுந்திருக்கின்றன, அது எந்தப் பெயிண்டிலும் விழும். கொப்புளம் எங்கும் இல்லை. கீழ்ச்சட்டத்தில் மட்டும் கல் பட்டு இரண்டு இடம் பெயர்ந்தது. மிச்சப் பெயிண்டை மூடி இறுகும் கண்ணாடி பாட்டிலில் தளும்ப ஊற்றி, நிறத்தின் பெயரும் தேதியும் ஒட்டி வைத்திருந்தேன். புரட்டாசியில் அதைத் திறந்து, பிரைமர் தொட்டு, மேலே இரண்டு கோட் வைத்து மூடினேன். அரை மணி நேர வேலை.